வீட்டுக் கோழி முட்டையைக் கழுவி வைப்பது சரியா?

உச்சிப்புளி வளவு | டிசம்பர் 4, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறோம். வீட்டில் ஒன்பது முட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் உள்ளன. பெரும்பாலும் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி, இரண்டு மட்டும் கலப்பு. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதியாகியும் விடவில்லை. வளவு முழுவதும் சேறாகிவிட்டதால், கோழிகள் சேற்றுக் காலோடு கூட்டில் ஏறி முட்டையிடுகின்றன. மண்ணும் எச்சமும் ஒட்டிய முட்டைகளை அப்படியே சமையலறைக்குள் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே எட்டு நாட்களில் சேர்ந்த 26 முட்டைகளையும் அன்றன்றே வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, அலமாரியில் அடுக்கி வைத்தேன்.

அப்போதே என் மாமியார் தடுத்தார்கள். "கழுவின முட்டை அடைக்கும் ஆகாது, அடுக்களைக்கும் ஆகாது" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களுடைய அம்மா அப்படித்தான் சொல்வார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒன்றை உடைத்தபோது வெள்ளைக்கரு இளம்பச்சையாக நீர்த்துக் கிடந்தது. ஒருவிதமான புளித்த வாடையும் வந்தது. மீதியை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்ததில் மேலும் ஆறு அப்படியே இருந்தன. அதே வாரத்தில் அத்தை தனியாகக் கழுவாமல் ஓலைக் கொட்டானில் வைத்திருந்த ஒன்பது முட்டைகளில் ஒன்றுகூடக் கெடவில்லை.

சுத்தம் செய்ததால் முட்டை கெடுமா? அப்படியானால் எச்சம் ஒட்டிய முட்டையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

கீழக்கரை மேலத்தெரு | டிசம்பர் 4, இரவு 9.25

சகோதரி, எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்கிறேன். வாங்கிய முட்டையைக் கழுவி வைப்பதில்லை. உடைக்கப்போகும் நேரத்தில்தான் கழுவுவோம். பெருநாள் காலையில் வட்டிலப்பத்துக்கு ஒரே சட்டியில் பன்னிரண்டு முட்டைகளை உடைத்து ஊற்ற வேண்டியிருக்கும். ஓட்டில் இருக்கும் அழுக்கு சட்டிக்குள் விழுந்தால் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து எல்லாமே வீணாகிவிடும். அதனால் உடைப்பதற்குச் சற்று முன்பு கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, பிறகே சட்டியில் சேர்ப்போம். எங்கள் லாத்தா (அக்கா) இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. முன்கூட்டிக் கழுவினால் கெடும் என்று எங்கள் உம்மாவும் சொல்லியிருக்கிறார்கள்.

தொண்டிக் கரை | டிசம்பர் 4, இரவு 10.05

இரண்டு கருத்துகளையும் மதிக்கிறேன், ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே நான் ஆறு மாதம் தங்கியபோது, கடையில் வாங்கிய முட்டை ஒவ்வொன்றும் பளிச்சென்று கழுவப்பட்டே இருந்தது. ஒரு மாதம் வைத்திருந்தும் ஒன்றும் கெட்டதில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் கழுவித்தான் விற்கவேண்டும் என்று விதி வைத்திருக்கும்போது, நாம் எச்சத்தோடு சமையலறையில் வைப்பது நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்? கோழி எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். உங்கள் முட்டை கெட்டதற்குக் காரணம் கழுவியது அல்ல, சரியாகக் கழுவாததாக இருக்கலாம் என்பதே என் எண்ணம்.

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 5, காலை 6.30

தொண்டி நண்பர் கடைசியாகச் சொன்ன வரியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நான் கால்நடைத் துறையில் 31 ஆண்டுகள் இந்தக் கடலோர ஊர்களில்தான் வேலை பார்த்தேன். இந்தக் கேள்வி கேட்கப்படாத வீடு ஒன்றுகூட இல்லை.

கோழி முட்டையிடும் அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால், முட்டை ஈரமாக மினுமினுத்தபடி வெளியே வந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் உலர்ந்து மங்கிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஈரம்தான் ஓட்டின் மேல் பூசப்படும் மிக மெல்லிய புரதப் பூச்சு. ஒரு முட்டை கோழியின் வயிற்றுக்குள் உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம் ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. இந்தப் பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசியாக, முட்டை வெளிவருவதற்குச் சற்று முன்புதான் பூசப்படுகிறது. ஓடு பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும் அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. குஞ்சு உள்ளே மூச்சு விட வேண்டும் என்பதற்காக இருக்கும் அந்த வாசல்களை மூடிக் காவல் காப்பது இந்தப் பூச்சுதான். வாளித் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் தேய்த்தால் முதலில் போவது அது.

உங்கள் மாமியார் 'அடைக்கு ஆகாது' என்று சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. சிறுவிடைக் கோழி ஒரு ஈட்டில் பத்து, பன்னிரண்டு முட்டைகள் இட்ட பிறகுதான் அடைக்கு உட்காருகிறது. அதாவது முதல் நாள் இட்ட முட்டை, இந்தக் கடலோர வெயிலிலும் உப்புக் காற்றிலும் இரண்டு வாரம் கூட்டில் கிடந்து, பிறகு 21 நாட்கள் கோழியின் வயிற்றுச் சூட்டில் இருந்து, அழுகாமல் குஞ்சாகப் பொரிக்கிறது. குளிர்சாதனப் பெட்டியோ வேறு மருந்தோ எதுவும் இல்லாமல் அந்த ஐந்து வாரம் அது தாக்குப்பிடிப்பது அந்தப் பூச்சாலும், வெள்ளைக்கருவில் இருக்கும் கிருமி எதிர்ப்புப் புரதங்களாலும்தான். கழுவிய முட்டையை அடைவைத்தவர்கள் கூமுட்டையைக் கண்டிருப்பார்கள்.

இப்போது வெப்பநிலைக்கு வருகிறேன். அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதன் அடியிலிருந்து எடுத்த முட்டையும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கும். அது ஆறும்போது உள்ளே இருக்கும் கரு சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. முட்டையின் பருத்த முனையில் காற்றறை உருவாவது இப்படித்தான். அந்த நேரத்தில் சூடான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், காற்றுக்குப் பதிலாக வாளித் தண்ணீரையும் அதில் கரைந்த எச்சத்தையும் அது உறிஞ்சும். மழைக்காலத்தில், கூட்டிலிருந்து எடுத்த சூட்டோடு, குளிர்ந்த தண்ணீரில் கழுவினீர்களா என்று சகோதரி சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன்: உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் தேங்கும் தொட்டியில் செம்பழுப்புக் கறை படிகிறதா?

உச்சிப்புளி வளவு | டிசம்பர் 5, காலை 11.15

ஐயா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது போலக் கேட்கிறீர்கள். கோழி கொக்கரித்ததும் ஓடிப்போய் எடுத்து, அந்தச் சூட்டோடுதான் கழுவினேன். ஆறவிட்டால் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் நாள் தவறாமல் வருவதில்லை என்பதால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதைப் பிடித்து வைக்கிறோம். மற்றதற்கெல்லாம் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அது லேசாகக் கரிக்கும். தொட்டியின் அடியில் துரு நிறத்தில் கறை படிவதும் உண்மை. வெள்ளைத் துணி துவைத்தால் மஞ்சளாகிவிடுகிறது. அதற்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு?

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 5, பிற்பகல் 2.50

நெருங்கிய தொடர்பு உண்டு. வெள்ளைக்கருவில் இருக்கும் புரதங்களில் ஒன்றின் வேலையே, அங்கே இருக்கும் இரும்புச் சத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வது. கிருமி பெருகுவதற்கு இரும்பு வேண்டும். இரும்பு கிடைக்காத இடத்தில் அது உள்ளே நுழைந்தாலும் பட்டினி கிடக்கும். நாம் இரும்பு கலந்த தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரே துளை வழியாக உள்ளே போகும்படி செய்தால், கிருமியையும் அதற்கு வேண்டிய உணவையும் ஒன்றாக அனுப்புகிறோம். முட்டை கழுவும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கோழித் தொழிலில் விதித்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் கண்ட பச்சை நிறம், சூடோமோனாஸ் என்னும் வகைக் கிருமி வெள்ளைக்கருவில் பெருகும்போது வருவது. தண்ணீரிலும் ஈர மண்ணிலும் இயல்பாக வாழும் கிருமி அது. உங்கள் முட்டைகளைக் கெடுத்தது பெரும்பாலும் வாளித் தண்ணீராகத்தான் இருக்கும். அதிலும் ஒரே வாளியில் எல்லாவற்றையும் போட்டால், ஓர் அழுக்கு முட்டையின் அழுக்கு எல்லா முட்டைக்கும் பங்காகிவிடுகிறது.

தொண்டி நண்பரே, அமெரிக்காவைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். தரம் பிரித்து முத்திரையிட்டு விற்கும் முட்டைகளை அங்கே கழுவியே ஆக வேண்டும். ஆனால் எப்படிக் கழுவுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; முட்டையின் சூட்டைவிட 11 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும்; முட்டையைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. கழுவியதும் குளோரின் கலந்த நீரைத் தெளித்து உடனே உலர்த்துகிறார்கள். பிறகு 7 டிகிரிக்கு மேல் போகாத குளிரில் வைத்து, வண்டியிலும் கடையிலும் அந்தக் குளிரை விடாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வரை கொண்டுபோகிறார்கள். பூச்சைக் கழுவிப் போக்கிய பிறகு அதன் வேலையைக் குளிர் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இதற்கு நேர் எதிரான விதி இருக்கிறது. அங்கே 'ஏ' வகுப்பு முட்டையைக் கழுவவே கூடாது. கூடு அழுக்காக இருந்தால் முட்டை அழுக்காகும், ஆகவே கூட்டைத் திருத்து என்பதே அவர்கள் வழி. இரண்டு வழியும் முழுமையாகச் செய்தால்தான் வேலை செய்யும். அமெரிக்கர்களைப் போலக் கழுவி, ஐரோப்பியர்களைப் போல வெளியில் வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. இரண்டிலும் இருக்கும் பாதுகாப்பு இதில் இல்லை.

தொண்டிக் கரை | டிசம்பர் 5, இரவு 8.10

விளக்கத்துக்கு நன்றி ஐயா. தண்ணீரின் சூட்டைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் என் நிலையை முழுமையாக மாற்றிக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. வெந்நீரில் கழுவி, உலர்த்தி, உள்ளே வைத்துவிட்டால் நீங்கள் சொன்ன முறையைத்தானே நானும் செய்கிறேன்? எச்சம் ஒட்டிய முட்டையைப் பாலுக்கும் தயிருக்கும் பக்கத்தில் வைப்பதைவிட அது மேல் அல்லவா?

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 5, இரவு 9.00

மேல்தான், ஒரு நிபந்தனையோடு. முட்டையை முதலில் நிழலில் நன்றாக ஆறவிட்டு, கை பொறுக்கும் அளவுக்குச் சூடான, இரும்பு இல்லாத தண்ணீரை ஒவ்வொன்றின் மேலும் ஊற்றிக் கழுவி, உடனே உலர்த்தி உள்ளே வைத்து, சமைக்கும் வரை வெளியே எடுக்காமல் இருந்தால் குறை சொல்ல மாட்டேன். வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைக்காதீர்கள். நம் கரையோரக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் குளிர்ந்த முட்டை உடனே வியர்த்துவிடும். அந்த வியர்வையும் கழுவுவது போலத்தான். புயல் மழைக் காலத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போவதையும் நாம் பார்க்கிறோம். அப்போது கழுவிய முட்டையை முதலில் எடுத்துச் சமைத்துவிடுங்கள்.

சாயல்குடி பனங்காடு | டிசம்பர் 6, காலை 7.45

கழுவுவதா வேண்டாமா என்று இவ்வளவு பேசிய பிறகும் கூட்டைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். முட்டை ஈரமாக விழுந்து உலரும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அது எதன் மேல் கிடக்கிறதோ, அதுதான் அதில் ஒட்டும். அந்த இடம் உலர்வாக இருந்தால் கழுவ வேண்டிய தேவையே வராது.

நாங்கள் முப்பது கோழி வளர்க்கிறோம். கோழிகள் இரவில் அடையும் இடமும் பகலில் முட்டையிடும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கோழி இரவு முழுவதும் எச்சமிடும். அந்தப் பஞ்சாரத்துக்குள்ளேயே காலையில் முட்டையிட்டால் எச்சம் ஒட்டாமல் எப்படி இருக்கும்? இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பனங்கை கட்டி, இரவில் அதன் மேல் அடைய விடுகிறோம். முட்டையிடுவதற்குத் திண்ணை மூலையில், வெளிச்சம் குறைவான இடத்தில், பனையோலைக் கடகங்களை வைத்திருக்கிறோம். இரவில் அடையும் பனங்கையின் உயரம் முட்டைக் கடகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி கடகத்து விளிம்பிலேயே அடைந்துவிடும், ஏனென்றால் அதற்கு உயரமான இடம்தான் பிடிக்கும்.

கடகத்தில் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போட்டு, அதன் மேல் நன்றாகக் காய்ந்த வைக்கோலை நிறையப் பரப்புகிறோம். சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேனும் செள்ளும் அண்டாது. வைக்கோலை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை. எங்கள் பக்கத்தில் சிலர் கடற்கரை மணலை அள்ளி வந்து கூட்டில் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மணலில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். மணல் போட்டே ஆக வேண்டுமானால் உப்பில்லாத ஆற்று மணலைக் காயவைத்துப் போடுங்கள். கூட்டுக்கு முன்னால் இரண்டு முழத்துக்குச் செங்கல்லோ, காய்ந்த பனை மட்டையோ பரப்பி வைத்தால் சேற்றுக் கால் அதில் துடைபட்டுவிடும். உச்சிப்புளிச் சகோதரி முதலில் அதைச் செய்யட்டும்.

முட்டையைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். கிடக்கக் கிடக்க அடுத்த கோழி மிதிக்கும்.

கீழக்கரை மேலத்தெரு | டிசம்பர் 6, காலை 10.20

சாயல்குடி அண்ணன் சொன்னது நன்றாகப் புரிந்தது. இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் அழுக்கு ஒட்டிவிட்டால் என்ன செய்வது? ஈரத் துணியால் துடைக்கலாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையில் சில நேரம் கருவாட்டு வாடை வருகிறது. அவர்கள் அதற்காகவே எலுமிச்சைச் சாறு போட்டுக் கழுவுகிறார்கள்.

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 6, பிற்பகல் 1.05

ஈரத் துணி வேண்டாம், லாத்தா. அது அழுக்கைக் கரைத்து ஓடு முழுவதும் பூசிவிடும். எச்சம் காய்ந்த பிறகு தேங்காய் நாராலோ, மரவேலைக்குப் பயன்படுத்தும் மெல்லிய உப்புத்தாளாலோ அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து எடுங்கள். தேய்த்த இடத்தில் பூச்சு போய்விடும் என்பதால் அந்த முட்டையை முதலில் சமைத்துவிடுங்கள். எச்சம் பெருமளவில் அப்பியிருந்தாலோ, ஓடு விரிந்திருந்தாலோ, சேர்த்து வைக்கவே வேண்டாம். விரியாததை அன்றைக்கே கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். விரிசல் வழியாக ஒழுகியதைத் தூக்கி எறியுங்கள்.

கருவாட்டு வாடை ஓட்டில் இல்லை, மஞ்சள்கருவில் இருக்கிறது. மீன் இறங்கும் இடத்திலும் கருவாடு காயும் இடத்திலும் பொறுக்கித் தின்னும் கோழிகளின் முட்டையில் அது வரும். எலுமிச்சை போட்டுக் கழுவினாலும் போகாது. எலுமிச்சைப் புளிப்பு சுண்ணாம்பால் ஆன ஓட்டை அரித்து மெலிதாக்கிவிடும். கோழியை இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவிடாமல் தானியத்தில் வைத்திருந்தால் வாடை தானாகக் குறையும். கிளிஞ்சலை இடித்துப் போடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், ஓடு உறுதியாக இருப்பதற்கு அது வேண்டும்.

தேவிபட்டினம் தாய் | டிசம்பர் 7, காலை 5.50

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கேள்வி இதே விஷயம்தான், ஆனால் எனக்கு அவசரமானது. என் மகள் பெரியவளாகி மூன்று நாட்கள் ஆகின்றன. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, அந்த ஓட்டின் அளவுக்கு நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று என் அம்மாச்சி நிற்கிறார். எனக்கும் இதையேதான் கொடுத்தார்கள். முட்டை உறவினர் வீட்டுக் கோழியுடையது, கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. ஓட்டை நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுத்தால் பச்சையாகக் குடிப்பதில் பயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? முதல் நாள் கொடுத்ததில் குமட்டினாள். அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை.

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 7, காலை 6.35

அம்மா, பச்சையாகக் கொடுக்க வேண்டாம். கழுவினாலும் வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன்.

இதுவரை நாம் பேசியதெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகும் கிருமியைப் பற்றி. சால்மோனெல்லாவில் ஒரு வகை, கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு கட்டுவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். அந்தக் கோழி நோயாளியாகத் தெரியாது. நன்றாக மேயும், நன்றாக முட்டையிடும். அப்படிப்பட்ட முட்டையின் ஓட்டைப் பளிங்காகக் கழுவினாலும் உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும். எல்லா முட்டையிலும் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. மிகச் சிலவற்றில்தான் இருக்கும். ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. உட்கொண்ட ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். உதிரப்போக்கால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பெண் குழந்தைக்கு அந்தச் சோதனை எதற்கு?

முட்டையின் சத்து வெந்தால் போய்விடும் என்பதே பெரியவர்களின் அச்சம். உண்மையில் பச்சை வெள்ளைக்கருவின் புரதத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் நம் குடல் எடுத்துக்கொள்கிறது. வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேர்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிடித்துவைக்கும் பொருள் ஒன்றும் இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். மகளுக்கு வலு ஏற வேண்டும் என்று அம்மாச்சி நினைப்பது முற்றிலும் நியாயமானது, அந்த வலு வெந்த முட்டையில்தான் கூடுதல். வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் கெட்டியாகும் வரை வெந்தால் அந்தக் கிருமி பிழைக்காது.

கீழக்கரை மேலத்தெரு | டிசம்பர் 7, காலை 7.10

தேவிபட்டினம் சகோதரிக்கு: எங்கள் வீட்டில் என் அண்ணன் மகளுக்கு இதே பேச்சு வந்தபோது, பெரியவர்களின் மனமும் நோகாமல் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மிதமாகக் காய்ந்ததும் முட்டையை உடைத்து விட்டு, மிளகுத் தூளும் உப்பும் தூவி, இரண்டு பக்கமும் திருப்பி நன்றாக வேகவிட்டுக் கொடுத்தோம். நாட்டு முட்டையும் இருந்தது, நல்லெண்ணெயும் இருந்தது. பிள்ளையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். உளுந்தங்களி கிண்டும் நாளில் தனியாக அவித்த முட்டை கொடுத்தோம். அம்மாச்சியிடம் எண்ணெயை நிறுத்துவதாகச் சொல்லாதீர்கள். எண்ணெயிலேயே வேகவைப்பதாகச் சொல்லுங்கள்.

சாயல்குடி பனங்காடு | டிசம்பர் 7, இரவு 7.30

கழுவாமல் எத்தனை நாள் வெளியில் வைக்கலாம் என்பதையும் ஆய்வாளர் ஐயா சொல்லிவிட்டால் நல்லது. நாங்கள் பத்து நாளுக்கு மேல் வைப்பதில்லை. சித்திரை, வைகாசியில் ஒரு வாரம்தான்.

மண்டபம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | டிசம்பர் 8, காலை 6.20

உங்கள் கணக்கே நம் ஊருக்குச் சரியான கணக்கு. மழை, பனிக் காலத்தில் இரண்டு வாரம் வரை தாங்கும் என்றாலும் பத்து நாளில் முடித்துக்கொள்வது நல்லது. வெயில் காலத்தில் கோழிகள் வாயைப் பிளந்து இளைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் ஓடும் மெலிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முட்டையின் பருத்த முனை மேலே இருக்கும்படி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்குங்கள்.

தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது பழமையை அறிய உதவும். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் துளை வழியாக வற்றி, காற்றறை பெரிதாகும். புதியது அடியில் படுத்துக் கிடக்கும், பழையது நிமிரும், மிகப் பழையது மிதக்கும். ஆனால் கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அந்தச் சோதனையை உடைக்கும் நேரத்தில் செய்யுங்கள். சோதித்துவிட்டு மறுபடி கொட்டானில் வைத்தால் கழுவி வைத்ததற்குச் சமம்.

தவறுதலாகக் கழுவிவிட்ட முட்டை வெளியில் இருந்தே ஆக வேண்டுமானால், நன்றாக உலர்ந்த பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஓடு முழுவதும் மெலிதாகத் தடவுங்கள். துளைகள் ஓரளவு அடைபடும். அப்படித் தடவியதையும் மூன்று நான்கு நாளில் சமைத்துவிட வேண்டும்.

தொண்டிக் கரை | டிசம்பர் 8, இரவு 9.15

என் மனைவியிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். இனி எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும் முட்டை மட்டும் வெந்நீரில் கழுவப்படும். அதையும் ஆறிய பிறகே கழுவுவோம். அடைக்கு எடுத்து வைப்பதைத் தொடப்போவதில்லை. போன பங்குனியில் பதின்மூன்று வைத்து நான்கே பொரித்ததற்கு நான் கோழியைக் குறை சொன்னேன். அத்தனையும் நான் கழுவிக் கொடுத்தவை.

தேவிபட்டினம் தாய் | டிசம்பர் 9, காலை 8.00

நேற்றும் இன்றும் நல்லெண்ணெயில் வேகவைத்துக் கொடுத்தேன். மகள் முழுவதையும் சாப்பிட்டாள். அம்மாச்சி முதலில் பேசவில்லை. இன்று காலையில் அவரே சட்டியைப் பிடித்து, "இந்தப் பக்கம் இன்னும் வேகணும்" என்று திருப்பிவிட்டார். ஐயாவுக்கும் கீழக்கரைச் சகோதரிக்கும் என் நன்றி.

உச்சிப்புளி வளவு | ஜனவரி 5, காலை 9.40

ஒரு மாதம் கழித்து நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். டிசம்பர் 12 அன்று கூட்டை மாற்றினோம். சாயல்குடி அண்ணன் சொன்னபடி அடைவதற்கு உயரத்தில் பனங்கையும், முட்டையிடச் சாம்பலும் வைக்கோலும் போட்ட இரண்டு கடகங்களும், வாசலில் பனை மட்டையும் வைத்தோம். முதல் நான்கு நாட்கள் இரண்டு கோழிகள் பிடிவாதமாகப் பழைய இடத்துக்கே போயின. அத்தை ஒரு கூமுட்டையைக் கடகத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்த பிறகு அவையும் வந்துவிட்டன.

நேற்று வரை 63 முட்டைகள் கிடைத்தன. அவற்றில் 51 சுத்தமாகவே இருந்தன. எட்டைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டியிருந்தது. நான்கு மிகவும் அழுக்காக இருந்ததால் அன்றன்றே கழுவி அவித்துவிட்டோம். கெட்டது ஒன்றும் இல்லை. உடைப்பதற்கு முன் கழுவவும், உடைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அத்தையிடம் பூச்சையும் துளைகளையும் பற்றிச் சொன்னேன். முட்டையிட்ட கையோடு அந்த ஈரத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று அத்தையே என்னை அழைத்துப்போக, கோழி எழும் வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மினுமினுப்பு மங்குவதை நானும் பார்த்தேன். சுத்தமாக இருந்தவற்றில் பன்னிரண்டை, தண்ணீர் படாமல், அத்தை தேர்ந்தெடுத்து ஜனவரி 3 அன்று கறுப்புக் கோழிக்கு அடைவைத்திருக்கிறார்கள். 24ஆம் தேதி பொரிக்க வேண்டும்.